சாப்பாட்டு அறைக் கதவில் ஒரு கடதாசி

இன்று வேலையிடத்துச் சாப்பாட்டு அறைக் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. கறுப்புக் கரை, நடுவில் வயதான ஒரு பெண்ணின் படம், கீழே ரஷ்ய எழுத்தைப் போன்ற எழுத்து. ஒட்டியவள் எங்களோடு வேலை செய்யும் பல்கேரியாக்காரி ரோசா.

ரஷ்யாக்காரி ஓல்கா அதில் ஒரு சொல்லைத் தொட்டுச் சிரித்தாள். "மைக்கா! எங்கடை பாஷையிலை அது கையில்லாத பெனியன்."

"எங்கடை பாஷையிலை அம்மா," என்றாள் ரோசா.

ஓல்கா விரலை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் இங்குள்ள தமிழ்க்கடைக் கதவில் இப்படி மரண அறிவித்தல்கள் எத்தனை கண்டிருப்பேன்! பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"ஊருக்கு எப்ப போறாய்?" என்று ரோசாவிடம் கேட்டேன்.

"நேற்றே அடக்கம் செய்திட்டினம்."

போய்ச்சேர முடியாத செத்தவீட்டுக்கு ஒஸ்லோவில் கடதாசி ஒட்டுவது தமிழர் நாங்கள் மட்டும்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

நீங்களும் அப்படித்தானே நினைத்திருந்தீர்கள்?