கரைத்தாழையில் கோச்சி நிற்காமல் போன கதை

கரைத்தாழை ரயில் தரிப்பிடத்தை அரசாங்கம்தான் மூடியது என்று எங்கள் ஊரில் மேடை போட்டுப் பேசுவார்கள். பொய். மூடியவர்கள் நாங்கள். இஸ்ஸதீன் நானாவைக் கேட்டால் சொல்வார். ஆனால் அவர் இப்போது எங்களோடு கதைப்பதில்லை.

அங்கே டிக்கட் விற்றவர் அவர். இருபத்திரண்டு வருடம், ஒரு அறை, ஒரு சன்னல். ரயிலை நாங்கள் கோச்சி என்போம்; காலைக் கோச்சியில் எண்பது பேர் சிலாபத்துக்கு ஏறுவோம். சன்னலுக்குப் போகிறவர்கள் நாலு பேர்; அதில் இரண்டு பேர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கப் போகிறவர்கள். நானாவுக்கு இளகின மனசு. கோச்சியில் பரிசோதகர் வருகிறார் என்று முந்திய ஸ்டேசனிலிருந்து தகவல் வந்தால், வெளியே வந்து எங்களுக்குக் கையால் சைகை காட்டிவிடுவார். எண்பது பேரும் தென்னந்தோட்டத்துக்குள் புகுந்து, மறுபக்கத்தால் பஸ்ஸுக்குப் போய்விடுவோம். நான் அரசாங்க உத்தியோகத்தன். நானும்தான் ஓடினேன்.

போன வருடம் கடிதம் வந்தது. ஆள் ஏறாத தரிப்பிடம், மூடலாம் என்று. நானாவுக்கு அதுதான் சோறு. சோற்றைவிட, ஊரார் ‘ஸ்டேசன் மாஸ்டர்’ என்று கூப்பிடுவது பெரிது. ஆள் ஏறுகிறது, வந்து எண்ணிப் பாருங்கள் என்று மனுவுக்கு மேல் மனுப் போட்டார். திங்கட்கிழமை எண்ண வருகிறோம் என்று பதில் வந்தது.

நானா வீடு வீடாக ஏறி இறங்கினார்.

“டிக்கட் கேக்க மாட்டாங்க. தலையத்தான் எண்ணுவாங்க. அல்லாவுக்காக ஒருக்கா வந்து நில்லுங்க.”

“ஓம் நானா, கட்டாயம்” என்றோம். அவர் படலையைத் தாண்டியதும் மீன் வியாபாரி கிளைட்டன் குரலைத் தாழ்த்தினான். “நானா மாட்டுப்பட்டுட்டார். எங்களப் பிடிச்சுக் குடுத்துத் தான் தப்பப் பாக்கிறார்.”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? எங்களுக்கு அது பெரிய புத்தியாகப் பட்டது.

திங்கட்கிழமை காலை வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி புத்தகத்தோடு வந்து நின்றார். மேடையில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. நாங்கள் தோட்டத்துக்குள் குந்தியிருந்து பார்த்தோம். கோச்சி வந்தது. நானா எங்கள் பக்கம் திரும்பி இரண்டு கையாலும் கூப்பிட்டார். நாங்கள் இன்னும் குனிந்தோம். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதிகாரி பேனையை மூடப் போனார். நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய்த் தானே கோச்சியில் ஏறிவிட்டார்.

“எழுதுங்க சேர், ஒண்டு!”

அதிகாரியும் எழுதிக்கொண்டே ஏறினார். பிறகு நடந்ததைக் கோச்சியின் கொடி காட்டும் கார்ட் சொல்லித்தான் அறிந்தோம். சிலாபத்துக்கு முன்னமே பரிசோதகர் வந்து நானாவிடம் டிக்கட் கேட்டாராம்.

“விக்கிற ஆளே நான்தான் சேர். நான் இங்க நிண்டா, அங்க ஆரிட்ட வாங்கிற?”

பெட்டியே சிரித்ததாம். நானா கதவடியில் நின்று அழுதாராம்.

மேலிடத்துக்குப் போன அறிக்கை இரண்டே வரி. கரைத்தாழையில் ஏறிய பயணி ஒருவர். அவரும் டிக்கட் எடுக்கவில்லை.