கண்ணில் ஒற்றிய காகிதம்

போன கிழமை ஆக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில் ஒரு பழம்பொருள் கடையில் அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தைக் கண்டதும் எனக்கு அதை எழுதியவரின் லவெண்டர் பவுடர் மணந்தது. வயிறு எரிந்தது என்பதுதான் சரி. கவிதை எழுதும் ஆங்கிலப் பிரபு குலத்துச் சீமாட்டி ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதிய புத்தகம். எழுதினார் என்பதும் பாதிப் பொய்தான். அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சுச் செய்தவள் நான்.

தொண்ணூறுகளில், ஆக்லாந்துக்கு நாங்கள் வந்த புதிது. யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் ஆங்கிலம் படிப்பித்த எனக்கு, இங்கே நூலக வேலை கேட்க உள்ளூர் ஆள் ஒருவரின் நற்சான்றுக் கடிதம் தேவைப்பட்டது. புத்தகம் முடியட்டும், தருகிறேன் என்றார், இங்கே குடியேறியிருந்த சீமாட்டி.

அப்பாவின் கோட்டை, மட்டக்குதிரை, மூன்று தாதிமார், ஓடிப்போன கணவன் (அந்த மனிதனை நான் குறை சொல்லமாட்டேன்) எல்லாம் தட்டினேன். பிடிக்காத கவிதைத் தாள்களை நிலத்தில் வீசுவார். என் கால் பட்டுவிடும். பட்டால் நாங்கள் என்ன செய்வோம்? தொட்டுக் கண்ணில் ஒற்றுவோம். தெருமுனை டெய்ரிக் கடை விளம்பரத் தாளென்றாலும் ஒற்றியிருப்பேன்.

கடைசி அத்தியாயத்தில் திடீரென்று நானே வந்தேன். "என் சிலோன் வேலைக்காரி என் கவிதைகளைத் தெய்வமாகக் கும்பிடுகிறாள்." தட்டியது என் விரல்கள்தான். கடிதத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அன்று வீட்டில் சொன்னதும் என் கணவர் கத்தினார். "உமக்கு விசரே? அது பொய்யெண்டு சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா கடிதம் தருவாவே?"

தந்தார். தடித்த தாள், மேலே குலச் சின்னம். 'விசுவாசமானவள், வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பாள்' என்று இரண்டே வரி. தட்டச்சு பற்றி ஒரு சொல் இல்லை. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை. வேறு வழியின்றி நூலகத்தில் அதையே நீட்டினேன். துப்புரவு வேலை இப்போது இல்லை என்று மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள். இன்றைக்கும் அவரை மன்னிக்க எனக்கு மனமில்லை.

சீமாட்டியின் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கவிதைகளை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் அதே நூலகத்தின் முத்திரை, அதன் மேல் 'நீக்கப்பட்டது' என்று இன்னொன்று. எனக்கு நல்ல சந்தோஷம். கடைசி அத்தியாயத்தைத் தேடிப் புரட்டும்போது புத்தகம் நழுவிக் காலில் விழுந்தது.

கை தன்பாட்டில் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டது. திடுக்கிட்டுச் சுற்றிப் பார்த்தேன். நல்ல காலம், எழுதிவைக்க அவர் உயிரோடில்லை.