கேட்டுவிட்டுக் காத்திருப்பது

எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அவர் வக்கீல் அங்கி போட்டபோது வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அதுவரை ஒரு பெரிய மருத்துவமனையின் வாசலில், தகவல் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தவர். எலும்பு டாக்டர் எந்த மாடி, ரத்தம் எங்கே எடுப்பார்கள், மருந்துக்கடை எந்தப் பக்கம் என்று வந்தவர் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார். அந்த வேலையில் இருந்துகொண்டே மாலை வகுப்பில் சட்டம் படித்து முடித்தார். படித்தது சரி, அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்ல அவருக்கு ஆளில்லை. தட்டிய கதவுகளிலெல்லாம் ஒரே பார்வை: இந்த வயதில் ஜூனியரா? ஒருவர், தன் அலுவலகத்தில் டெலிபோன் எடுக்க வரமுடியுமா என்று கேட்டாராம்.

கடைசியில் அவர் வந்து நின்றது, தன் மகள் வயதிருக்கும் ஒரு வக்கீலின் முன்னால்.

அலுவலகம் என்று அவளிடம் இருந்தது ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு அறை, இரண்டு மேசை, கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி. அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். பெரிய சீனியர் ஒருவரிடம் மூன்று வருடம் இருந்திருக்கிறாள். அங்கே அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், வாய்தா வேண்டும் என்பதுதான். ஒரே ஒரு முறை குறுக்கு விசாரணை செய்ய எழுந்தாள். இரண்டாவது கேள்வியில் கொஞ்சம் திணறியதும், சீனியர் அவள் அங்கியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டுத் தானே தொடர்ந்தார். கேஸ் ஜெயித்தது. அவள்தான் அதன் பிறகு நெடுநாள் எழுந்திருக்கவே இல்லை.

அதனால் அக்காவிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள்: "எனக்கே யாரும் சொல்லித் தரலக்கா. நான் உங்களுக்கு என்னத்தச் சொல்லித் தர?"

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்தான் மேடம். நீங்க ஒரு பெஞ்சு முன்னாடி, அவ்வளவுதான்."

அவள் சிரித்துவிட்டு, இரண்டாவது மேசையைக் காட்டினாள்.

வருகிற கட்சிக்காரர்கள் நேராக அக்காவிடம் போய் வணக்கம் சொல்வார்கள். இவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். அக்கா பதறி எழுந்து தண்ணீரைத் தானே கொண்டுவருவார். அதில் அவர்கள் இன்னும் குழம்பிப்போவார்கள். மற்றபடி அக்கா எள் என்றால் எண்ணெயாக நின்றார். மனு எழுதுவதும் கட்சிக்காரர் சொல்லத் தயங்குவதைப் பேசிப் பேசி வெளியே கொண்டுவருவதும் சீக்கிரமே கைவந்துவிட்டன. குறுக்கு விசாரணை மட்டும் வரவில்லை. காரணம், அவரால் யாரும் பதில் தெரியாமல் முழிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அப்போதுதான் லிஃப்ட்காரர் கேஸ் வந்தது. பழைய கட்டடம், கம்பிக்கதவு லிஃப்ட். சாவி போட்டால்தான் நகரும். சம்பளம் கூட்டிக் கேட்டதிலிருந்தே நிர்வாகத்துக்கு அவர்மேல் ஒரு கண். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வரவில்லை என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். வந்தேன், லிஃப்ட் ஓட்டினேன் என்கிறார் அவர். அன்று முழுக்கத் தன் அறையில்தான் இருந்தேன், அவரைப் பார்க்கவே இல்லை என்று சாட்சி சொன்னவர் மேனேஜர். அவர் அறை ஐந்தாவது மாடியில். முழங்கால் தேய்ந்து, கைத்தடி இல்லாமல் நகரமுடியாத மனிதர்.

பேப்பர்களைப் படித்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று நிமிர்ந்து, "அப்ப அன்னைக்கு இவரு அஞ்சாவது மாடிக்கு எப்படிப் போனாரு?" என்றார்.

கேஸே அந்த ஒரு கேள்விதான். கண்டுபிடித்தவரே அதைக் கேட்கட்டும் என்று அவள் முடிவு செய்தாள். அறைக்குள்ளேயே ஒத்திகை நடந்தது. அவள் மேனேஜராக உட்கார்ந்தாள். சாவி லிஃப்ட்காரரிடம் மட்டும்தான் இருக்கும் என்று முதலில் ஒப்புக்கொள்ளவைத்துவிட்டு, அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். அவள் பேசாமல் முழித்தாள். அக்காவால் பொறுக்கமுடியவில்லை.

"வேற யாராச்சும் சாவி வாங்கி ஓட்டினாங்களா சார்?"

"ஆமா, வாட்ச்மேன் ஓட்டினாரு. கேஸ் முடிஞ்சுது, வாங்க, டீ குடிக்கப் போலாம்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "நீங்க ரொம்பப் பாவமா முழிக்கிறீங்க மேடம்."

"அவரும் பாவமாத்தான் முழிப்பாரு. கேள்வி உங்களுது, பதில் அவருது. அதையும் நீங்களே தூக்கிக் குடுக்காதீங்க."

மறுபடி மறுபடி செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அக்கா மேனேஜருக்கு ஒரு புது வழி திறந்துவிட்டார். நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்களா என்றுகூட ஒருமுறை கேட்டுவைத்தார்.

வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த லிஃப்ட்காரர், அக்கா கீழே இறங்கிப் போன சமயம் பார்த்து உள்ளே வந்தார். "வக்கீலம்மா, நீங்களே கேட்டுடுங்க. அவங்க ரொம்ப நல்லவங்க. அதான் பயமா இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் என்ன தப்பு? போனது அவருடைய வேலை. அக்காவுக்காகத்தான் இதைச் செய்கிறேனா, இல்லை என் பழைய சீனியருக்குப் பாடம் புகட்ட இவர் பிழைப்பைப் பணயம் வைக்கிறேனா? ஆனால், தட்டுத்தடுமாறியாவது ஒருவர் கற்றுக்கொள்ள எங்கேயாவது ஒரு கேஸ் வேண்டுமே. தான் பக்கத்திலேயே இருப்பதாகவும், சறுக்கினால் உடனே எழுந்துவிடுவதாகவும் அவரிடம் சொன்னாள். அவர் அரைமனதாகத் தலையாட்டினார்.

கோர்ட்டில் மேனேஜர் கைத்தடியை ஊன்றிச் சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கே சிரமப்பட்டார். அக்காவின் கை தன்னையறியாமல் அவரைத் தாங்குவதற்கு நீண்டு, பின்வாங்கியது. போச்சு, என்று நினைத்தாள் அவள்.

சாவி பற்றிய கேள்விக்கு, லிஃப்ட்காரரிடம் மட்டும்தான் என்று மேனேஜர் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க அஞ்சாவது மாடிக்கு எப்படிங்க போனீங்க?"

மேனேஜர் வாயைத் திறந்தார், மூடினார். தன் வக்கீலைப் பார்த்தார், கைத்தடியைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் முழித்த முழிக்கு முன்னால் ஒத்திகை எல்லாம் ஒன்றுமே இல்லை. அக்காவின் உதடு அசைந்தது.

அவள் அங்கியைத் திரட்டிக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். இப்போது எழுந்தால் கேஸைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் அன்று சீனியர் தன்னை உட்காரவைத்ததுபோல அக்காவை உட்காரவைத்ததாகிவிடும். பின்னால் லிஃப்ட்காரர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். அக்காவின் உதடு அசைந்ததே தவிர, சத்தம் வரவில்லை. கண்களை மேனேஜரிடமிருந்து எடுத்து மேசையில் பதித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நின்றார்.

நீதிபதி அவளைப் பார்த்தார். "என்ன, நீங்க தொடர்றீங்களா?"

"இல்லைங்க ஐயா. என் ஜூனியர்தான் கேக்கறாங்க. பதிலுக்குக் காத்திருக்காங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நீதிபதி சாட்சியின் பக்கம் திரும்பினார். கேள்வி கேட்டதா, பதில் சொல்லுங்கள் என்றார்.

"லிஃப்ட்லதான்," என்றார் மேனேஜர், பாதிக் குரலில்.

யார் ஓட்டினார்கள் என்று அக்கா கேட்கவில்லை. நீதிபதி எழுதி முடிக்கும்வரை நின்றுவிட்டு, வேறு கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார். மேசைக்கு அடியில் அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா காதோரம் கிசுகிசுத்தார்: "செத்துப் பொழைச்சேன் மேடம்."

மதிய இடைவேளைக்குள் நிர்வாகத்தின் வக்கீல் வராந்தாவில் தேடிக்கொண்டு வந்தார். திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள், நின்ற மாதங்களின் சம்பளத்தோடு. பேசி முடிக்கலாமா என்று அவர் கேட்டது அக்காவிடம்தான். அக்கா அவளைக் கை காட்டினார். லிஃப்ட்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்து அழுதார்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, பெயிண்ட் வேலை முடித்து வந்த அப்பா கையில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேஸ் ஜெயித்துவிட்டது என்றாள்.

"அப்படிப் போடு. நீ என்ன பேசின?"

"ரெண்டு வரிப்பா. நான் பேசலன்னு சொல்றதுக்கு."

அப்பா கையைத் தேய்ப்பதை நிறுத்தினார். "அதுக்கா மூஞ்சி முழுக்க இவ்வளவு சிரிப்பு?"

"ஆமாப்பா," என்று பையைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரில் உட்கார்ந்தாள். "எங்க அக்கா நின்னாங்க பாரு..."