வராமல் போன பிழைப் பெட்டி

புரோகிராம் எழுதிப் பிழைக்கும் சகோதரங்களே, நம் தொழிலில் புரோகிராம் பாதியில் நின்று விழுந்தால் திட்டு, விழாமல் பொய் சொன்னால் பாராட்டு. கண்டியில் ஒரு மாடிக் கந்தோரில், அதுதான் எங்கள் ஆபீஸில், உட்கார்ந்து, இரத்தம் பரிசோதிக்கும் லேப்களுக்கு நாங்கள் எழுதிய புரோகிராமின் கதை இது.

கண்ணை மூடி ஓகே

நாலு பேர் நாலு விதமாக எழுதிய புரோகிராம். எதிர்பாராத பிழை வந்தால் ஒரு திரை ஆங்கிலத்தில் பிழைச் செய்திப் பெட்டி காட்டும், இன்னொன்று சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும், வேறொன்று அப்படியே உறைந்து நிற்கும். கடுகண்ணாவை என்ற ஊரின் லேப்பில் வேலை செய்த புஷ்பா அக்கா பெட்டியை வாசிப்பதையே விட்டுவிட்டார். ஏன் என்று எரிச்சலோடு கேட்டேன். "அத வாசிச்சு நான் என்ன செய்யப் போறேன் தம்பி? ஓகேய அமத்துனா போயிருது."

முதலாளி கண்ட வைத்தியம்

எல்லாத் திரையிலும் பிழையை ஒரே மாதிரிக் கையாள ஒரு வாரம் கேட்டேன். முதலாளி தரவில்லை. பிழை வரும் இடத்திலெல்லாம் அதைப் பிடித்து, சத்தமில்லாமல் விழுங்கிவிடச் சொன்னார். சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். அப்படி எழுதியதற்கான கோபம் இன்னும் என் மேல்தான்.

அதன் பிறகு லேப்களிலிருந்து முறைப்பாடு சொல்லி ஒரு போனும் இல்லை. முதலாளி என் தோளில் தட்டினார். "பாத்தீங்களா, பெட்டி வராட்டி பிழையும் இல்ல."

ஹாஜியாரின் ரிப்போர்ட்

அக்குறணை லேப்பில் ஒரு ஹாஜியாரின் இரத்தச் சீனி அளவு மெஷினிலிருந்து வந்து சேரவில்லை. அந்தப் பிழையைப் புரோகிராம் விழுங்கிவிட்டது. திரையில் கிடந்த முந்தைய ஆளின் குறைந்த அளவு ஹாஜியாரின் பெயரில் அச்சாகிப் போனது. சீனி குறைந்துவிட்டது என்று மனிதர் சீனி வியாதிக்குக் குடித்த குளிசை மாத்திரையை நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் படுத்தார்.

பார்க்கப் போனேன். மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "குளிசயக் குடிங்க வாப்பா என்டு தெனமும் சொன்னேன். உங்கட கடதாசியத் தூக்கிக் காட்டினார்."

இனி ஒரே இடம்

திரும்பி வந்து, யாரையும் கேட்காமல், பிழையை விழுங்கிய இடங்களையெல்லாம் பிய்த்தெறிந்தேன். எந்தத் திரையில் எந்தப் பிழை வந்தாலும் இனி ஒரே இடத்துக்கு வரும். அது பதிவாகும், திரை வெறுமையாகும், அச்சு நிற்கும், 'முடிவு வரவில்லை, மீண்டும் பரிசோதிக்கவும்' என்று தமிழிலும் சிங்களத்திலும் பெட்டி சொல்லும். போன் மறுபடி அலறியது. முதலாளி அதைவிட அலறினார்.

அப்படி அலறிய ஒரு போனில் அக்குறணை லேப் ரிஸ்வானா. "இன்டைக்கு மூணு தரம் பெட்டி வந்திச்சு சேர். மூணு பேரையும் இருத்தி வெச்சுத் திரும்பப் பாத்தோம். அதுல அந்த ஹாஜியாரும் ஒராள். அவர் ஏசின ஏச்சு காதால கேக்கேலாது!"

ஏசுவதற்கு அந்த மனிதரின் உடம்பில் தெம்பு இருக்கிறதே, அதைவிட நல்ல சான்றிதழை எந்த முதலாளியும் எனக்குத் தரப்போவதில்லை.