சிங்கப்பூரில் ஒரு பிடி அரிசி

ஆரல்வாய்மொழியிலிருந்து சிங்கப்பூருக்கு மகன் வீட்டைப் பார்க்க வந்த ஞானாபரணத்துக்கு ஒரு விசாரம். மருமகள் சத்தியபாய் உலையில் அரிசி போடுமுன் கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்துவைக்கக் காணோம். வீடு கர்த்தரை மறந்துவிட்டதோ? அவள் குளிக்கப் போகும்போதெல்லாம், அளந்து வைத்த அரிசியில் ஒரு பிடி அள்ளித் தன் பெட்டியில் சேர்த்தார். தினமும் சோறு பற்றவில்லை. சத்தியபாய்தான் அரைவயிற்றோடு எழுந்தாள்.

அழுக்குத் துணி எடுக்கப் பெட்டியைத் திறந்தவள் அழுதுவிட்டாள். "மாமா, ஒளிச்சு வைக்கிற அளவுக்கா உங்களுக்குச் சோறு குறைச்சேன்?"

"ஐயோ மக்கா, அது கோயிலுக்கு உள்ள பிடியரிசில்லா!"

அவள் பிடியரிசி சேர்ந்திருந்த ஒரு கலயத்தைக் கொண்டுவந்து காட்டினாள். "நான் அளக்கும்போதே எடுத்திருவேனே, மாமா. உங்க கை முறம் மாதிரில்லா இருக்கு, பின்ன எப்படிச் சோறு காணும்?"

மத்தியானம் அவளையும் கூடவே உட்காரச் சொன்னார். அவள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்ட பிறகுதான் கை கழுவ எழுந்தார்.