கிணற்றில் விழாத பூனை

மாட்டுங்காவில் கிடைத்திருந்த நல்ல இரண்டு அறை வீட்டை விட்டுவிட்டு நாங்கள் செம்பூருக்குக் குடிபோனது என் மாமியாருக்காக. குழாய்க்குள்ளே தோல் வாஷர் இருக்கிறது, அதில் பட்டு வரும் தண்ணீர் மடிக்கு ஆகாது என்பது அவர் கட்சி. குளிக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம். குடிக்கவும் சமைக்கவும் கிணற்று ஜலம்தான். மாமனார் காலமானபின் பாலக்காட்டு வீட்டை விற்றாகிவிட்டது. எங்களை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. ஆகவே என் கணவர் தினமும் செம்பூரிலிருந்து ரயிலேறிக் கோட்டையிலுள்ள ஆபீசுக்குப் போய் வந்தார். நான் கிணறும் கொல்லையுமாகக் குடித்தனம் நடத்தினேன்.

அது உலகச் சண்டைக் காலம். காய்கறி விற்ற விலையில் கொல்லை வைத்திருந்தவர்கள் எல்லோரும் எதையாவது நட்டார்கள். நானும் கத்தரியும் தக்காளியும் போட்டேன். தக்காளி இலைகளில் கரும்புள்ளி விழுந்து ஒவ்வொன்றாகச் சுருண்டபோது, பக்கத்துக் காம்பவுண்டில் தோட்டவேலை செய்யும் மராத்தி மாலி வந்து பார்த்து, பூஞ்சக்காளான் என்றார். மயில்துத்தம் என்கிற நீல உப்பைத் துணியில் முடிந்து பானைத் தண்ணீரில் ராத்திரி முழுக்கத் தொங்கவிட வேண்டும், காலையில் சுண்ணாம்பு கலந்து தெளிக்க வேண்டும். தெளிக்குமுன் தேய்த்த கத்தியை அதில் தோய்த்துப் பார்க்கவும் சொன்னார். "லால் ஆயா தோ கச்சா" என்றார். கத்தி சிவந்தால் துத்தம் இன்னும் அடங்கவில்லை, இலையைப் பொசுக்கிவிடும், மேலும் சுண்ணாம்பு போடு என்று அர்த்தம்.

நான் ஒரு ராத்தல் மயில்துத்தம் வாங்கி, என் கணவரின் பழைய வேஷ்டியைக் கிழித்து முடிந்து, ஞாயிற்றுக்கிழமைக்காகப் பின்கட்டு ஆணியில் மாட்டி வைத்தேன். அதே வாரம்தான் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் மாமியார் கேட்டிருந்த நெல்லிக்கட்டையைக் கொண்டுவந்து சேர்த்தார். செம்பூர்க் கிணறு கொஞ்சம் உப்புக் கரிக்கும். நெல்லிக்கட்டையைக் கிணற்றில் இறக்கினால் ஜலம் தித்திக்கும் என்பது பாலக்காட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சில்லுகளாக உடைத்து, முழுகுவதற்கு ஒரு கல்லும் வைத்து, அதே வேஷ்டியின் மறுபாதியில் முடிந்து, அடுத்த ஆணியில் மாட்டினேன். இதைவிட முட்டாள்தனமாக ஒரு காரியத்தை யாராலும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை விடியுமுன் குளித்து, ஈரப் புடவையோடு, மடியாக நான்தான் மூட்டையைக் கிணற்றில் இறக்கினேன். இருட்டடிப்பு உத்தரவால் கொல்லையில் விளக்குக் கிடையாது. எந்த ஆணியிலிருந்து எடுத்தேன் என்று யோசிக்கவே இல்லை.

அன்று மத்தியானம் மாமியார் ஒரு வாய் ஜலம் குடித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"எடீ, ஒரு துவர்ப்புத் தெரியறதோ? நெல்லியாக்கும் அது. நாலு நாள்ல கல்கண்டா மாறிடும், பாத்துக்கோ."

நானும் குடித்தேன், துவர்த்தது, ஆமாம் என்றேன். அவர் சந்தோஷத்தில் வழக்கத்தைவிட ரெண்டு டம்ளர் அதிகமாகவே குடித்தார். சனிக்கிழமை எனக்கு வயிறு புரட்டியது. முந்தின நாள் கூட்டுமேல் பழியைப் போட்டேன்.

ஞாயிறு காலை தக்காளி மருந்து கலக்க மற்ற மூட்டையை எடுத்து அவிழ்த்தேன். உள்ளே நெல்லிச் சில்லு.

கிணற்றுக்கு ஓடிக் கயிற்றை இழுத்தேன். வெறும் துணி வந்தது, முடிச்சு மட்டும் மயில்கழுத்து நிறத்தில். ஒரு ராத்தல் விஷம் ரெண்டு நாளாக எங்கள் குடத்துக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. அறுபது வயதுக்காரி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்காரி, நெல்லியின் குணம் என்று அதை ஆசையாகக் குடித்துக்கொண்டிருக்கிறார். சொல்லிவிடலாமா? சொன்னால் அந்தக் கிணற்றை ஆயுசுக்கும் தொடமாட்டார். குழாய்த் தண்ணீரைக் குடிக்கவே மாட்டார். போக்கிடம் இல்லாத மனுஷி எங்கே போவார்? அதோடு, மாமியாருக்கு விஷம் வைத்தவள் என்ற பெயரை நினைத்தும் நடுங்கினேன். அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

உள்ளே அவர் டம்ளரை எடுக்கும் சத்தம் கேட்டது. "அம்மா, குடிக்காதீங்கோ" என்று ஓடினேன். "கிணத்துல பூனை விழுந்து கெடக்கு." செத்த பூனை என்றால் இறைத்துப் புண்யாகம் செய்து கிணற்றை மறுபடி மடியாக்க வழி உண்டு.

"எப்போ விழுந்தது?"

இன்றைக்கு என்றால், நேற்று இறைத்து வைத்த குடத்து ஜலம் நல்லதாகிவிடும். அதை எடுத்துக் குடிப்பார். "ரெண்டு நாளாயிருக்கும்மா. உப்பிப் போயிருக்கு" என்றேன்.

அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார், எழுந்து போய்த் தலை முழுகினார். அதற்கப்புறம் இளநீரும் பாலும்தான் அவர் ஆகாரம்.

என் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை, ஆபீசில் சாயச் சரக்கைச் சோதிக்கும் கெமிஸ்டிடம் கேட்டு வருகிறேன் என்றார். திங்கட்கிழமை தாராவியிலிருந்து கிணறு இறைக்கிற இரண்டு பேரை அனுப்பி வைத்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். மற்ற நாளில் அவர்கள் எங்கள் கிணற்றுக் கயிற்றைத் தொட மாமியார் விட்டிருக்கமாட்டார். பூனை விழுந்த கிணற்றுக்குள் இறங்கலாம். அன்றைக்கு எங்கள் நியாயம் அப்படி இருந்தது.

தண்ணீரை இறைத்துச் சேற்றை அள்ளியவர் மேலே வந்தார். "எம்மா, பூனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சகதிதான் நீலம் பாஞ்சு கெடக்கு. என்னத்தப் போட்டிய?"

அவரிடம் ரகசியமாக உண்மையைச் சொல்லி, உள்ளே இருக்கிற அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்: "நல்லா ஊறிப்போச்சு பூன. சகதியோட சேத்து அள்ளியாச்சு தாயி."

உள்ளிருந்து மாமியாரின் குரல் வந்தது. "சேத்தை வீணாக்காதே. கத்தரிப் பாத்தியில கொட்டச் சொல்லு. நல்ல எருவாக்கும்."

என்னத்தைச் சொல்லி மறுப்பது? கொட்டினார்கள்.

சாயங்காலம் என் கணவர் கெமிஸ்டின் பதிலோடு வந்தார். மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. கிணற்று ஜலத்தில் அது நிற்காது, சில நாளில் அடிச்சேற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். சேற்றை எடுத்துவிட்டு ரெண்டு தரம் இறைத்துவிட்டால் பயமில்லை, குடித்தவர்கள் இதற்குள் விழவில்லை என்றால் இனிமேலும் விழமாட்டார்கள். ஆனால் மண்ணில் சேர்ந்த செம்பு மக்காது, கரையாது, நம் ஆயுசுக்கும் அங்கேயே கிடக்கும்.

"சேத்தை எங்கே கொட்டினே?" என்றார்.

கத்தரிப் பாத்தியைக் காட்டினேன். இவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கெமிஸ்ட் சொன்னது போதாமல் நான் மாலியின் கத்தியை நம்பினேன். தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தியைக் கிணற்று ஜலத்தில் போட்டு, விறகுக்குப் பின்னால் விடியற்காலையில் ஒரு நாழிகை ஒளித்து வைப்பேன். முதல் நாள் அலகு முழுக்கச் செம்பட்டை பூத்தது. மறுபடி இறைக்கச் சொன்னேன். அடுத்த நாள் ஓரத்தில் மட்டும். அப்புறம் நுனியில் ஒரு பொட்டு. இதற்கிடையில் மாமியார் இளைத்துக்கொண்டே வந்தார். ஆறாம் நாள் காலை கத்தியை வெயிலில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுத்தமான இரும்பு நிறம். விறகுக் குவியல்மேல் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அத்தனை நிம்மதியாக அதற்குமுன் அழுததில்லை.

புரோகிதம் பார்க்கும் வாத்தியார் வந்து புண்யாகம் செய்தார். மாமியார் அந்த ஜலத்தைக் குடித்தார், பிழைத்துக் கிடந்தார். நெல்லிக்கட்டையைப் பட்டப்பகலில் இறக்கினோம். ஜலம் தித்தித்ததாக அவர் சொன்னார். எனக்குப் பழைய உப்புதான் தெரிந்தது.

கத்தரிப் பாத்தி மட்டும் மறக்கவில்லை. செடிகள் மஞ்சளாகிச் செத்தன. அடுத்த மழைக்குக் கொல்லை முழுக்கப் புல் மண்டியபோது, கட்டில் அளவிலான அந்த இடம் மட்டும் மொட்டையாகக் கிடந்தது. அதற்கடுத்த மழைக்கும் அப்படியே. எனக்குப் பெண் பிறந்து, சோறு ஊட்டுகிற பருவம் வந்தபோது, மாமியார் குழந்தைக்காக அங்கே கீரை விதைத்தார். மூன்று தரம் விதைத்தார். முளைத்தது எல்லாம் விரல் உயரத்தில் கருகிப்போயிற்று.

ஒரு நாள் காலை பாத்தி ஓரத்தில் குந்தியபடி அவர் சொன்னார்: "பூனை தோஷம், போகமாட்டேங்கறது. என் வயித்துக்குள்ளேயும் இதே தோஷம்தானே கெடக்கு. ரெண்டு வருஷமா சனிக்கிழமை தோறும் பச்சை ஜலம் தொடாம இருக்கேன், தீந்துதோ இல்லையோ ஆருக்குத் தெரியும்."

அந்தச் சனிக்கிழமைப் பட்டினி, பிள்ளைக்கு உத்தியோகம் உயர வேண்டி இருக்கிற விரதம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் என்னைவிடப் பக்தியுள்ளவர் என்று பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து மூட்டை, ஆணி, துத்தம், பொய் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் பாத்தியிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"அப்போ பூனை?"

"பூனையே இல்லைம்மா."

"செத்த எலி, பல்லி?"

"ஒண்ணும் இல்லை."

"வெறும் விஷம்தானா?"

"ஆமாம்மா."

"அப்பாடா" என்றார். இரண்டு வருஷத்து மூச்சு அது. "இதை அன்னிக்கே சொல்லப்படாதோடீ? நான் வேற என்னவோன்னு பயந்துண்டிருந்தேன்."

முழங்காலில் கையூன்றி எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, சமையலறைப் பக்கம் நடந்தார். வாசற்படியில் நின்று திரும்பினார்.

"மோர் இருக்கோ? ரெண்டு பிடி சாதம் போட்டுக் கரைச்சுத் தா. மாவடு ஒண்ணும் வை."

அன்றைக்குச் சனிக்கிழமை.