குழந்தை இயேசுவுக்குக் கர்சிவ் தெரியாது

இரண்டாம் வகுப்பில் கர்சிவ் தொடங்கியதும், அதுவரை தட்டுத்தடுமாறியாவது வாசித்துக்கொண்டிருந்த நான் மறுபடியும் ஒன்றும் தெரியாதவளாகிவிட்டேன். தனித்தனியாக நின்ற ஆங்கில எழுத்துகளையெல்லாம் மிஸ் ஒன்றோடொன்று கை கோத்துவிட்டார். எனக்குத் தெரிந்த ஆர் அதில் இல்லை. எஸ் வயிறு உப்பிக் கிடந்தது. எம் எங்கே முடிந்து என் எங்கே தொடங்குகிறது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் மிஸ் போர்டை அழித்துவிடுவார். நாலு கோடு நோட்டில் நான் எழுதியதைப் பார்த்து, கோழி கிண்டினதுபோல் இருக்கிறது என்று அப்பா சிரிப்பார்.

அம்மாவின் எழுத்தோ ஆஸ்டின் டவுனில் எங்கள் தெரு முழுக்கப் பேர்போனது. கான்வென்ட்டில் படித்தவள். யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பத்திரிகை உறைமேல் விலாசம் எழுத அம்மாவிடம்தான் வருவார்கள். எல்லாம் கர்சிவ். எனக்கு அதில் ஒன்றும் விளங்காது, ஆனால் பார்க்க அழகாக இருக்கும்.

அந்த வருஷம் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தார். அப்பாவுக்குச் சளி என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார்கள். ஆனால் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, சமையலறையில் போனில் பேசியது என் காதில் விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணப்போகிறார்களாம். நெஞ்சைத் திறந்தால் திரும்ப மூடுவார்களா, மூட மறந்துவிட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்க எனக்கு ஆளில்லை. வாயில் வைத்த சோறு இறங்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். குளித்துவிட்டு, கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒரு தாளில் ஆங்கிலத்தில் மன்றாட்டு எழுதினாள். வியாழக்கிழமைதோறும் விவேக் நகர் கோயிலில் குழந்தை இயேசுவுக்கு நவநாள் ஜெபம் நடக்கும். வேண்டுதலை எழுதிப் பெட்டியில் போடுவது எங்கள் வழக்கம். எப்போதும் அம்மாதான் போடுவாள். அன்றைக்கு அத்தையிடம் கொடுத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்விட்டாள். அத்தை அதை என் கையில் கொடுத்து, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆட்டோவில் பிரித்துப் பார்த்தேன். வரி மேலே ஏறிக் கீழே இறங்கியது. ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. அத்தையை வாசிக்கச் சொன்னேன். அவள் எட்டப் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

“உங்கம்மா எழுத்தா இது? டாக்டர் சீட்டு மாரி இருக்குதே” என்றாள். பிறகு மடித்து என் கையில் திணித்து, “பரவால்ல வுடு. ஆண்டவருக்குத் தெரியாததா” என்றாள்.

ஆண்டவருக்குத் தெரியும்தான். ஆனால் வரிசையில் நகர்ந்து நகர்ந்து குழந்தை இயேசு சுரூபத்துக்கு முன்னால் வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிரீடத்தைக் கழற்றினால் அவர் என்னைவிடக் குள்ளம். எல்கேஜியைத் தாண்டியிருக்க மாட்டார். அவருக்கு யார் கர்சிவ் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? நாளைக்கு டாக்டர் கத்தியை எடுக்கிற நேரத்தில், இவர் இங்கே சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழித்துக்கொண்டிருப்பார். பெட்டியின் வாய்வரை கையைக் கொண்டுபோய்விட்டு அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டேன். மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த அத்தை கவனிக்கவில்லை.

கோயிலிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம், அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்க. அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சீட்டை அவள் மடியில் வைத்தேன்.

“வேற எழுதும்மா. தனித்தனியா எழுது. அவரு சின்னப் பையன், அவருக்குக் கர்சிவ் படிக்கத் தெரியாது.”

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். கோயில் வரைக்கும் போயும் போடாமல் கொண்டுவந்துட்டாளே என்று என்னைப் பிடித்துத் திட்டத் தொடங்கினாள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. சீட்டைப் பிரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கே வாசிக்க வரவில்லைபோல் இருந்தது. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிய எழுத்தாகப் போட ஆரம்பித்தாள். ஏ எழுத்தின் இரண்டு கால்களும் உச்சியில் ஒன்றுசேரவே இல்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் அவ்வளவு நன்றாக எழுதுகிறாயே, அப்பாவுக்கு எழுதமாட்டாயா என்று கேட்டேன்.

அம்மா பேனாவை என்னிடம் நீட்டினாள். “நீயே எழுது கண்ணு. நான் சொல்றேன்.”

பெஞ்சில் தாளை வைத்து, தரையில் முட்டி போட்டு, அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்லக் கொட்டை கொட்டையாக எழுதினேன். அப்பாவை வீட்டுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாள், அவ்வளவுதான். எந்தக் குழந்தையும் வாசித்துவிடலாம். மறுநாள் விடியற்காலைப் பூசைக்குப் போன அத்தை அதைப் பெட்டியில் போட்டாள்.

அப்பா இன்றைக்கும் இருக்கிறார். சட்டையின் மேல் பட்டனைத் திறந்து வைத்தால் தழும்பின் நுனி தெரியும். தன்னைக் காப்பாற்றியது மகளுடைய கோழிக் கிறுக்கல்தான் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா காபி போட உள்ளே போய்விடுவாள்.

அந்தக் கதையில் அப்பாவுக்குத் தெரியாத ஓர் இடம் உண்டு. நான் எழுதும்போது அம்மா என் தோள்மேல் கை வைத்திருந்தாள். அந்தக் கை ஆடியதில் என் வரியும் கோணிக்கொண்டு போனது. வராந்தாவில் ஏசி போட்டிருந்தார்கள், அவளுக்குக் குளிர்கிறது என்று நினைத்தேன்.

“கையை எடும்மா, எழுத்து ஆடுது” என்றேன்.

அம்மா உடனே எடுத்துவிட்டாள். எடுத்த கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்த வராந்தாவில் பயந்துகொண்டிருந்தது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, மீதி எழுத்துகளை நேராக எழுதி முடித்தேன்.